உட்கார்ந்த பிறகு விசில்

நல்லது செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் பேருந்துப் பணிமனையில் யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். தங்கள் தலையில் ஏதாவது விடிகிறதா என்று தெரிந்தால் போதும். அந்தத் தடவை கடைசி வரியில், ‘இதனால் நிறுவனத்துக்கு எந்தச் செலவும் ஏற்படக் கூடாது’ என்று இருந்தது. அப்பாடா என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மேலே இருந்த விஷயம் இதுதான். வேலையில் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாத இளைஞர்கள் குழுவாகச் சேர வேண்டும். தினமும் செய்யக்கூடிய சின்ன நல்ல காரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் அதை ஊழியர்களிடமும் பயணிகளிடமும் பரப்ப வேண்டும். சிறந்த குழுவுக்குக் கோப்பை, மேலாளரோடு புகைப்படம். ‘நாளைய உலகம் உங்கள் கையில்’ என்று வேறு கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாளைய உலகத்தைத் தூக்கிக் கொடுக்கிற புண்ணியவான்கள் ஓய்வறையில் கால் உடையாத நாற்காலி ஒன்று போட்டுக் கொடுத்திருக்கலாம். அதற்குச் செலவாகும்.

ஒரு குழு ‘புன்னகை’ என்று எழுதிக் கொடுத்தது. பயணிகளைப் பார்த்துச் சிரிப்பார்களாம். இன்னொரு குழு குழாயை இறுக்கி மூடச் சொல்லப் போவதாக எழுதியது. அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். மேலாளருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்துத்தான் கீச்சு உள்ளே வந்தாள்.

கீச்சு நடத்துநர். குரல் மெலிசு. முதல் நாள் கூட்டத்துக்குள் நின்று அவள் “டிக்கெட், டிக்கெட்” என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. அன்றைக்கே பணிமனை அவளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குரல்தான் கீச்சு, ஆள் அப்படி இல்லை என்பது போகப் போகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்கு நிரந்தர ஆணை வர வேண்டும். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிற அம்மாவை அதன் பிறகாவது வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

“என்ன நல்ல காரியம்?” என்றார் மேலாளர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

“ஏறுனவங்க உக்காந்த பிறகுதான் விசில் கொடுக்கணும் சார். உக்கார இடமில்லன்னா கம்பியைப் பிடிச்ச பிறகு.”

மேலாளர் பேனாவை மூடினார்.

விசிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை விசில் என்றால் நிறுத்து, இரட்டை விசில் என்றால் எடு. இது விதி. இரட்டை விசிலை எந்த நொடியில் கொடுப்பது என்பது விதியில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. கடைசி ஆளின் ஒரு கால் படியிலும் மறு கால் தரையிலும் இருக்கும்போதே ஊதிவிட வேண்டும். மறு கால் தானாக மேலே வந்துவிடும், வராமல் எங்கே போகும் என்பது மூத்தவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தினம் பார்க்கிறவள் கீச்சு. வண்டி கிளம்புகிற உலுக்கலில் பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மூட்டு வலிக்காரர்கள் முன்பின் தெரியாதவர் தோளைப் பற்றிவிட்டு அவரிடமே மன்னிப்பும் கேட்பார்கள். கைக்குழந்தைக்காரி கம்பியைப் பிடிப்பதா பிள்ளையைப் பிடிப்பதா என்று திகைத்து நிற்பாள். பார்த்துப் பார்த்துக் கீச்சுவுக்கு வயிறு எரிந்தது. மனுசர் உட்காருவதற்குள் இங்கே என்ன கொள்ளை போகிறது?

“இது நல்ல காரியம் இல்லம்மா, இது ஆபரேஷன்” என்றார் மேலாளர். “சிரிக்கிறதுக்கு நேரம் ஆகாது. இதுக்கு ஆகும்.”

“செலவு ஆகக் கூடாதுன்னுதான் சார் போட்டிருக்கு. நேரம் ஆகக் கூடாதுன்னு போடலையே.”

அவர் சுற்றறிக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே போட்டிருக்கவில்லை. ஒரு வாரத்தில் தானாகச் சலித்துப் போய்விடுவாள் என்று நினைத்து, சரி, செய்து பார் என்றார்.

குழுவுக்கு ஆள் பிடிப்பது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. ஓய்வறையில் இளவட்டங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீச்சு விஷயத்தைச் சொன்னாள். நெடுநெடுவென்று வளர்ந்த, எலும்பும் தோலுமான ஒரு நடத்துநர் இருந்தான். எல்லோரும் அவனை ஒட்டடை என்று கூப்பிடுவார்கள். அவன்தான் முதலில் சிரித்தான்.

“சிரிக்கிற டீமுக்குப் போனா கோப்பை கேரண்டி. உன்கூட வந்தா மெமோ கேரண்டி.”

“அப்ப சிரிச்சுட்டே இரு. உன் வண்டியில ஒருத்தர் குப்புற விழும்போதும் சிரி.”

ஒட்டடை சோற்றுப் பக்கம் குனிந்துகொண்டான். கீச்சு விடவில்லை.

“சீனியருங்ககிட்ட போய்ச் சொன்னா மாறுவாங்களா? மாட்டாங்க. அவங்களுக்கு அது உடம்புல ஏறிடுச்சு. நாளைக்கு நாமளும் சீனியர் ஆவோம், நமக்கும் ஏறிடும். இன்னும் ஏறாத ஆளுங்க நாம மட்டும்தான். இப்பப் பண்ணாதான் உண்டு. என்ன பெரிய புரட்சியா பண்ணச் சொல்றேன்? ஊதறதை ஊதப் போறோம். கொஞ்சம் பொறுத்து ஊதப் போறோம். இதுக்குக்கூட தைரியம் இல்லன்னா நாளைய உலகம் நம்ம கையில எதுக்கு? காலடியில வச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

கீச்சுக் குரலில் கோபம் வந்தால் கேட்பவர்களுக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். அன்றைக்கு வெட்கம் ஜெயித்தது. ஒட்டடை எழுந்து கை கழுவிவிட்டு வந்து, “என் பேரையும் எழுதிக்கோ. மெமோ வந்தா நீதான் பதில் எழுதித் தரணும்” என்றான். பின்னாலேயே இன்னும் சில பேர் வந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீச்சு தன் மெலிசுக் குரலைக் கூட்டிக்கொண்டு சொன்னாள்: “அவசரப்பட்டு எதையும் பிடிச்சுத் தொங்க வேண்டாம். நிதானமா போய் உக்காருங்க. நீங்க உக்காந்த பிறகுதான் விசில்.” மக்கள் லேசில் நம்பிவிடுவார்களா? இது என்ன புதுக் கதை என்று சந்தேகமாகப் பார்த்தார்கள். “ஆபீசுக்கு லேட்டானா உங்கப்பாவா வந்து பதில் சொல்வாரு?” என்று ஒருவர் கத்தினார். “எங்கப்பா இல்ல சார். இருந்தா அவரும் மெதுவாத்தான் ஏறுவாரு, நீங்களும் காத்திருக்கணும்” என்றாள் கீச்சு. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததும் அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாரம் போகப் போக வண்டிக்குள் ஒரு வேடிக்கை நடந்தது. சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் ஏறியவர் சீக்கிரம் உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கினார்கள், பையை மடியில் வைத்தார்கள், “இங்க வாங்கம்மா, இடம் இருக்கு” என்று கை காட்டினார்கள். நல்ல மனசா சுயநலமா என்று கீச்சு ஆராயவில்லை. இடம் கிடைத்தால் சரி.

அவள் வண்டியின் ஓட்டுநருக்குத்தான் இதெல்லாம் தொண்டையில் முள்ளாக இருந்தது. அவரை ரெக்கார்டு அண்ணன் என்பார்கள். சேர்ந்த நாள் முதல் அவர் வண்டி தாமதமானதே இல்லை. பணிமனையில் அது ஒரு பெருமை. தங்கமான மனுசர். வீட்டிலிருந்து வருகிற சாப்பாட்டில் பாதியைக் கீச்சுவுக்குத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் யாரையும் தெரியாது.

“ஏம்மா, ஒருத்தர் உக்கார்றதுக்கு நான் இங்க தவம் கிடக்கணுமா?” என்றார்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கண்ணே. பழகிடும்.”

“எனக்கா? இந்த வயசுலயா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு நாள் கடைத்தெரு நிறுத்தத்தில்தான் அது நடந்தது. கடைசியாக ஏறியவர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். தினமும் அந்த வண்டியில் வருகிறவர்தான். படியேறினார், கீச்சுவைப் பார்த்துத் தலையசைத்தார், கம்பியை விட்டுவிட்டு நிதானமாகத் தன் இடத்தை நோக்கி நடந்தார். விசில் கீச்சுவின் கையில் இருந்தது. வாய்க்குக்கூடக் கொண்டுபோகவில்லை. வண்டி சடாரென்று பாய்ந்தது. அவர் பக்கவாட்டில் சரிந்து, இருக்கைக் கம்பியில் கை மடங்க விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். கடமை தவறாதவர், உட்கார்ந்து நிதானமாக எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கினார். ரெக்கார்டு அண்ணன், “டபுள் விசில் கேட்டுச்சு, எடுத்தேன்” என்றார். பரிசோதகர் பயணிகளையும் கேட்டார். ஆமாம், விசில் அடித்தது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவரும் சொன்னார். ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்கிறது. பரிசோதகர் கீச்சுவின் விசிலை வாங்கி ஒரு கவரில் போட்டு, ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டார். சான்றாம்.

எந்தக் காரியம் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளோ அதையே செய்தாள் என்று கீச்சுவின் மேல் குற்றச்சாட்டு வந்தது. ஆட்கள் உட்காரும் முன் விசில் கொடுத்து விபத்து உண்டாக்கினாள். பணிமனை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “கவனக்குறைவால் ஊதிவிட்டேன், மன்னிக்கவும்னு ஒரு வரி எழுதிக் குடு. எச்சரிக்கையோட விட்டுடறேன். ஆர்டரும் வந்துடும். இல்லன்னா விசாரணை. விசாரணைன்னு போனா, நிரந்தரமாகாத ஆளுக்கு என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.”

“நான் ஊதல சார்.”

“அப்ப டிரைவர் பொய் சொல்றாரா?”

ரெக்கார்டு அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரே உணவு விடுதிக்கு வெளியே அவளைப் பிடித்து நிறுத்தி, கண் கலங்கச் சொல்லியிருந்தார்: “உன்னை மாட்டி விடணும்னு சொல்லலம்மா. என் பிள்ளை மேல சத்தியமா கேட்டுச்சு.” அவளுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. ஒருவேளை தன்னை அறியாமல் ஊதித் தொலைத்தோமோ?

வீட்டில் அம்மா கொதித்துப் போனாள். “ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்? எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருடி. ஊர்ல யாரும் விழாம நீதான் தாங்கிப் பிடிக்கப் போறியா?”

“செய்யாததைச் செஞ்சேன்னு எழுதணுமாம்மா?”

“நான் இஸ்திரிப் பெட்டியத் தேய்ச்சுத் தேய்ச்சு உன்னை ஆளாக்கினேன். வைராக்கியத்தை வச்சு அடுப்பு எரிக்க முடியாது.” சொல்லிவிட்டு அம்மா அவளுக்கு முன்னால் தட்டை நகர்த்தினாள். கோபம் எவ்வளவு இருந்தாலும் சோற்றில் காட்டுகிறவள் இல்லை. கீச்சுவுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் கடிகாரக்காரரின் கடைக்குப் போனாள். ஒரு ஆள் உட்காருகிற அளவு கடை. பாதிக் கதவு மூடியிருந்தது. அவர் மாவுக்கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எதிரே பழுது பார்க்க வந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு கிடந்தன.

“எத்தனை வருஷமா பஸ்ல போறேன். ஒரு நாளும் விழுந்ததில்ல” என்றார். “ஏன் தெரியுமா? பிடிச்ச கம்பிய விட மாட்டேன். நீ சொன்னே, நீங்க உக்காந்த பிறகுதான் விசில்னு. உன் பேச்சை நம்பித்தான் விட்டேன்.”

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. நான் ஊதவில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதை அந்தக் கட்டுக் கைக்கு முன்னால் சொல்ல வாய் கூசியது.

“நான் ஊதல. ஆனா நீங்க விழுந்தது என்னாலதான்” என்றாள் கடைசியில். “என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுட்டு வந்து சொல்றேன்.”

அவர் இடது கையால் ஒரு கடிகாரத்தை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தார்.

விசாரணை முடிகிற வரை அவளுக்கு வண்டி கிடையாது. சும்மா பேருந்து நிலையத்துத் திண்டில் போய் உட்கார்ந்தாள். ஒட்டடையின் வண்டி வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். ஒட்டடை பின் படியருகே நின்று, ஒரு அம்மாள் பெரிய பையோடு இருக்கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசில் அவன் சட்டைப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

“ஏய் நிறுத்து, நிறுத்து!” என்று ஒட்டடை அலறினான். ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “நீதானடா ஊதின?” என்றார்.

கீச்சு எழுந்து நின்றுவிட்டாள்.

அன்று முழுவதும் அவள் அங்கேயே இருந்தாள். தங்கள் குழு ஆட்கள் வேலை பார்க்கிற வண்டிகளாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றாள். எல்லா வண்டியும் அப்படிச் செய்யவில்லை. ஆனால் மூத்த ஓட்டுநர்களின் வண்டிகளில் மறுபடியும் நடந்தது. படியில் தடதடவென்று காலடிச் சத்தம், ஏறிய கடைசி ஆள் ஒதுங்கியதும் ஒரு சின்ன நிசப்தம். அந்த நிசப்தத்தில் விசில் வர வேண்டும். வரவில்லை. ஆனாலும் ஓட்டுநரின் கால் நகர்ந்தது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் கேட்டுக் கேட்டு, ஊதாவிட்டாலும் அவர்கள் காதில் விழுகிறது. பயணிகள் காதிலும்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. விசிலையே தூக்கிப் போட்டாலும் ஆள் உட்காரும் முன்னால்தான் வண்டி கிளம்பும் போலிருக்கிறதே!

விசாரணை நாளன்று மேலாளர் அறையில் பரிசோதகர் ஒட்டிய கவரோடு உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டு அண்ணன் சுவரோரம் நின்றார். அடிபட்டவர் என்ற முறையில் கடிகாரக்காரரும் வந்திருந்தார்.

“டிரைவர் பொய் சொல்லல சார்” என்றாள் கீச்சு. “அண்ணனுக்குக் கேட்டுச்சு. ஆனா நான் ஊதல.”

மேலாளர் சிரித்தார். “இது நல்லா இருக்கே. ஊதாத விசில் எப்படிம்மா கேக்கும்?”

“இங்க உக்காந்து சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அந்த வண்டியிலயே வச்சு விசாரிங்க. அன்னிக்கு நடந்த மாதிரியே எல்லாரும் ஏறட்டும்.”

தோற்றால் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். ரெக்கார்டு அண்ணன் இன்றைக்கு உஷாராக இருந்தால் முடிந்தது கதை. இருந்தும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். சீக்கிரம் முடிந்தால் சரி என்று மேலாளர் எழுந்தார்.

வண்டி பணிமனை முற்றத்தில் நின்றது. அண்ணன் தன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். பரிசோதகர் சொன்னபடி இன்ஜினை மட்டும் ஓட விட்டார். பயணிகளுக்குப் பதில் ஒட்டடையும் குழுவினரும் சளசளவென்று பேசிக்கொண்டு ஏறினார்கள். ஒட்டடை இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தான். பரிசோதகர் கவரைப் பிடித்தபடி ஓரத்தில் அமர்ந்தார். கடிகாரக்காரரைக் கீச்சு கையைப் பிடித்து ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பின் படியருகே வந்து நின்றாள்.

“கடைசி ஆளா நானே ஏறிக் காட்டறேன்” என்றார் மேலாளர். ஒரு கையில் கோப்பு, மறு கையால் கம்பி. ஏறினார். “இங்கதான் ஏறினாரு. சரி. அப்புறம் இப்படிக் கம்பிய விட்டுட்டு…”

“கம்பியப் பிடிச்சுக்கோங்க சார்” என்றாள் கீச்சு.

“இரும்மா” என்று அவர் கையை வீசினார்.

எல்லோரும் அவரைப் பார்த்து ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள்.

வண்டி கிளம்பியது. கோப்பு ஒரு பக்கம் பறக்க, மேலாளர் இரண்டடி தள்ளாடிப் பின்பக்கமாகப் போய் ஒட்டடையின் மடியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒட்டடைக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவரைக் கட்டிப் பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இருந்தான்.

“நிறுத்துய்யா!” என்று மேலாளர் கத்தினார்.

வண்டி நின்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கள்ளமில்லை. “டபுள் விசில் வந்துச்சே சார். அதான் எடுத்தேன்.”

பரிசோதகர் தன் கையிலிருந்த கவரைப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவர் போட்ட கையெழுத்துக்கூடக் கலையவில்லை. அண்ணனும் அதைப் பார்த்தார். பிறகு கீச்சுவின் வெறுங்கையைப் பார்த்தார். வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

“கேட்டுச்சும்மா” என்றார். குரல் உடைந்திருந்தது. “இப்பக்கூடக் கேட்டுச்சு. அப்ப இத்தனை வருஷத்துல எத்தனை பேரை நான்…”

ஜெயித்துவிட்ட சந்தோஷம் கீச்சுவுக்கு வரவே இல்லை. ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடிகாரக்காரர்தான் எழுந்துபோய், நல்ல கையை அவர் தோளில் வைத்தார்.

மேலாளர் ஒட்டடையின் மடியிலிருந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, கோப்பைத் தேடி எடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை என்றாலும் மூளை அதற்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நாற்காலிக்காரர்களுக்கு அது ஒரு வரம்.

“சரி. யார் மேலயும் தப்பில்ல. பழக்கதோஷம்னு எழுதி முடிச்சுடலாம். டிரைவருக்கும் ஒண்ணும் இல்ல, உனக்கும் ஒண்ணும் இல்ல” என்றார். “உன் ஆர்டர்ல இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். ஆனா இந்தப் பிரச்சாரம் இத்தோட நின்னுடணும். இது இல்லாதப்ப எந்தப் பிரச்சனையும் வரல பாரு.”

“வந்துச்சு சார். எழுதி வைக்கல, அவ்வளவுதான்.”

“பேச்சுக்குப் பேச்சு பேசாத. நிறுத்தறேன்னு சொல்லு.”

கீச்சு கடிகாரக்காரரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அம்மா நினைவுக்கு வந்தாள். இஸ்திரிப் பெட்டி, வீங்கிய கால், எல்லாம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் ஆணையோடு வீட்டுக்குப் போகலாம்.

“இப்ப நிறுத்தினாதான் சார் ஆபத்து” என்றாள். “நாங்க சொன்னதைக் கேட்டு ஜனங்க கம்பிய விட்டுட்டாங்க. நாளைக்கும் நம்பித்தான் ஏறுவாங்க. நாளைக்கு நான் பழையபடி ஊதினா, இவர் கைய நானே உடைச்ச மாதிரி. இனிமே நிறுத்த முடியாது. எல்லா வண்டியிலயும் பண்ணணும், டிரைவருங்களும் கூட வரணும்.”

“அப்படின்னா உன்னை நிரந்தரமாக்க முடியாது. பயிற்சிக் காலத்தை ஆறு மாசம் நீட்டிக்கறேன். கண்காணிப்புல இருப்பே. இந்த மாதிரி ஏதாவது பண்ணினேன்னு தெரிஞ்சா வேலை கிடையாது. நல்லா யோசிச்சு சொல்லு.”

“ஆறு மாசமா சார்?”

“ஆறு மாசம்.”

“ரொம்ப நல்லது. ஆறு மாசம் முழுக்க எல்லாரும் உக்காந்த பிறகுதான் ஊதுவேன். நல்லாக் கண்காணிங்க.”

குரல் என்னவோ அதே கீச்சுதான். வண்டிக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒட்டடை எழுந்து நின்றான். “எனக்கும் சேர்த்து நீட்டிச்சுடுங்க சார்” என்றான். பின்னாலிருந்து இன்னொரு பெண், “எனக்கும்” என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மேலாளர் கடைசி நம்பிக்கையாக முன்பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்க. உங்க வண்டி என்னிக்காவது லேட்டாகியிருக்கா? இந்தப் பசங்க பேச்சைக் கேட்டா தினம் லேட்டாகும். இத்தனை வருஷப் பேரு போயிடும்.”

ரெக்கார்டு அண்ணன் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தார். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி, இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்து இளைஞர்களோடு நின்றார்.

“போகட்டும் சார்” என்றார். “இனிமே விசில் கேட்டாலும் நான் எடுக்க மாட்டேன். திரும்பி இந்தப் பொண்ணு முகத்தைப் பாப்பேன். அது சரின்னு சொன்னா எடுப்பேன்.”